பள்ளியை மூடலாம், வருகைப் பதிவேட்டை மூடலாமா?

2023 மார்ச் 13, பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள். மொழிப்பாடம். பதிவு செய்திருந்த சுமார் எட்டரை லட்சம் பேரில் 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அன்று தேர்வறைக்கு வரவே இல்லை. இயற்பியலுக்குப் பயந்தால் புரிந்துகொள்ளலாம், தமிழ்த் தாளுக்கு என்ன பயம் என்று பலரும் கேட்டார்கள். விடை அந்த மாணவர்களின் முந்தைய ஆண்டுகளில் இருந்தது. அவர்கள் பத்தாம் வகுப்பில் இருந்தது 2020-21 கல்வியாண்டு. அந்த ஆண்டு அவர்களுக்குப் பள்ளி திறந்திருந்ததே இரண்டு மாதம்தான். பொதுத்தேர்வு இல்லை, அனைவரும் தேர்ச்சி. அந்தத் தேர்ச்சியைக் கொண்டு பெயர்கள் பிளஸ் ஒன் பட்டியலுக்கு ஏறின. ஆட்கள் எல்லோரும் வந்து சேரவில்லை. கொரோனா காலத்தில் விட்டுப்போனவர்களைத் திரும்ப அழைத்துவரும் எண்ணத்தில் பெயரை நீக்காமல் வைத்திருந்ததும் இந்த எண்ணிக்கைக்கு ஒரு காரணம் என்று கல்வித்துறை விளக்கம் சொன்னது. எல்லா ஆண்டும் சில ஆயிரம் பேர் தேர்வுக்கு வராமல் போவதுண்டு என்பதும் உண்மைதான். இருந்தாலும் இத்தனை பிள்ளைகள் எந்த மாதத்தில், எந்த வாரத்தில் நம் கையை விட்டுப் போனார்கள் என்பது தேர்வறையின் காலி பெஞ்சுகளைப் பார்த்த பிறகே பேச்சுக்கு வந்தது.

பள்ளி மூட நேர்ந்தால் ‘ஆன்லைன் வகுப்பை எப்படி நடத்துவது?’ என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. நம் வகுப்பில் இருக்கும் 40 பேரும் இந்த வாரம் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா என்பதே முதல் கேள்வி. பாடம் பிந்தினால் பிறகு நடத்திக்கொள்ளலாம். பிள்ளை கைவிட்டுப் போனால் மீட்பது கடினம். பதினாலு, பதினைந்து வயதில் போனால் இன்னும் கடினம். ஏனென்றால் அந்த வயதில் கையில் காசு தரும் வேலை கிடைத்துவிடுகிறது. மதுரை போன்ற ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளி அவசரகாலத்துக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றால், அதைக் காணொலியை நம்பிக் கட்டாமல் இந்தத் தொடர்பை நம்பிக் கட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மதுரைக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அதிகாலை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. மார்ச் 27-இல் தொடங்கியிருக்க வேண்டிய எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு தள்ளிப்போய், மறுபடி தள்ளிப்போய், ஜூன் 9-இல் ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதமும் வருகைப்பதிவுக்கு 20 சதவீதமும் கொடுத்துத் தேர்ச்சி போட்டார்கள். மாநிலத்தின் பல பகுதிகள் மூச்சுவிடத் தொடங்கிய ஜூன் 24-இல், மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களில் முழு ஊரடங்கு மறுபடியும் வந்து, நீண்டு, ஜூலை நடுவில்தான் தளர்ந்தது. 2021 ஜனவரி 19-இல் பத்தும் பிளஸ் டூவும் திறந்தன, பிப்ரவரி 8-இல் ஒன்பதும் பிளஸ் ஒன்னும். மார்ச் 22-இல் பிளஸ் டூ தவிர எல்லாம் மறுபடி மூடல். செப்டம்பர் 1-இல்தான் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை மீண்டும் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் இருந்த ஒரு பெண் அந்தக் கல்வியாண்டில் கரும்பலகையைப் பார்த்தது ஆறு வாரம். அடுத்த ஆண்டு மே மாதம் அவளே எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள்.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அந்த நேரத்தில் கையில் தயாராக இருந்தது நம் அதிர்ஷ்டம். வேறு பல மாநிலங்களுக்கு அது வாய்க்கவில்லை. அரசு கேபிளில் 200-ஆம் எண்ணைத் திருப்பினால் பாடம். பிளஸ் டூ மாணவர்கள் தங்கள் விலையில்லா மடிக்கணினியைப் பள்ளியின் ஹைடெக் லேபுக்கு எடுத்துவந்து காணொலிப் பாடங்களை ஏற்றிக்கொண்டார்கள். இணையமே வேண்டாத நல்ல ஏற்பாடு அது. (அடுத்த ஆண்டுகளில் பள்ளிகளுக்கு மடிக்கணினி வருவதே நின்றுபோனது வேறு கதை.) பாடநூலில் க்யூஆர் கோடு இருந்தது. பாடத்திட்டத்தையும் குறைத்தார்கள். இவ்வளவும் செய்தும் எங்கே ஓட்டை விழுந்தது? எல்லாமே ஒருவழிப் பாதை. 2020 மே 4-இல் மீனாட்சி திருக்கல்யாணத்தையே பக்தர்கள் இல்லாமல் நடத்தி நேரலையில் காட்டினார்கள். மதுரைப் பெண்கள் வீட்டிலேயே திரைக்கு முன்னால் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். திருக்கல்யாணம் பார்த்தாலே பலன் தருவது. இருபடிச் சமன்பாடு அப்படி இல்லை. போட்டுப் பார்க்க வேண்டும், தப்பாகப் போட வேண்டும், எந்த வரியில் தப்பியது என்று ஒருவர் சுட்டிக்காட்ட வேண்டும். அந்த ஒருவர் இல்லாத இடத்தில் ஒளிபரப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது பாடத்தின் பாதிதான்.

சரி, கேள்வி கேட்கவும் திருத்தவும் வாட்ஸ்அப் குரூப் இருந்ததே என்பார்கள். இருந்தது, 2021-இல் பிளஸ் டூவுக்கு அலகுத் தேர்வைக்கூட அதன் வழியே நடத்தச் சொன்னார்கள். ஆனால் அந்த போன் யாருடையது? மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் நள்ளிரவு தாண்டியதும் வீட்டை விட்டுக் கிளம்புகிறார், போனும் அவரோடு போகிறது. உசிலம்பட்டிப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகும் அம்மாவின் கையில் இருப்பது பட்டன் போன். காலை 10 மணிக்கு ஆசிரியர் அனுப்பும் கணக்கு, அப்பா திரும்பிவந்து தூங்கி எழுந்த பிறகு சாயங்காலம்தான் திறக்கப்படுகிறது. அதற்குள் அன்றைய டேட்டா முடிந்திருக்கும். அண்ணன் ஐ.டி.ஐ., தங்கை ஒன்பதாம் வகுப்பு என்றால் போன் முதலில் யாருக்கு என்பதில் சந்தேகமே வேண்டாம். இது ஊகம் இல்லை. கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயதுக்காரர்களை மட்டும் எடுத்து ஆராய்ந்த ‘அசர் 2023’ அறிக்கை, வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பது ஏறக்குறைய 90 சதவீதம் என்று சொல்கிறது. அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. போனைக் கையாளத் தெரிந்தவர்களில் தனக்கென்று ஒன்று வைத்திருப்பவர்கள் ஆண்பிள்ளைகளில் 43.7 சதவீதம், பெண்பிள்ளைகளில் 19.8 சதவீதம். ‘இப்போதெல்லாம் யார் வீட்டில் போன் இல்லை?’ என்று கேட்பவர்கள் முதல் எண்ணை மட்டும் படித்தவர்கள். வீட்டில் போன் இருப்பதும் காலை 10 மணிக்கு அது பிள்ளையின் கையில் இருப்பதும் வெவ்வேறு சங்கதிகள்.

அப்படியானால் எதுதான் வேலை செய்தது? ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் கொரோனா மூடலின்போது நோம் ஆங்ரிஸ்டும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் சில கணக்குகளை எஸ்.எம்.எஸ்.ஸில் மட்டும் அனுப்பினார்கள். இன்னொரு பகுதியினருக்கு எஸ்.எம்.எஸ்.ஸோடு, ஆசிரியர் போன் செய்து சில நிமிடம் பேசினார். சாதாரண போன்தான், இணையம் எதுவும் இல்லை. எஸ்.எம்.எஸ். மட்டும் பெற்றவர்களிடம் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. பேச்சும் சேர்ந்தவர்களிடம் தெளிவாக இருந்தது. நம் வீட்டுக்குள்ளேயே சான்று உண்டு. அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் கணக்கில் பெரும் சரிவு. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்தச் சரிவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. மீண்டதில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யின் பங்கு என்பது அவர்கள் கணிப்பு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணிக்குள், திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் தெருப் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்த திட்டம் அது. செயலியோ திரையோ இல்லாமலே ஒரு மனிதக் குரல் பலன் தந்திருக்கிறது.

இந்த இரண்டு ஆய்வும் சிறு பிள்ளைகளைப் பற்றியவை, உயர்நிலைப் பள்ளிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டால், கேள்வி நியாயமானது. ஒன்பதாம் வகுப்பு வேதியியலைப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்துவிட முடியாது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குச் சாதகமாகவே முடிகிறது. இல்லம் தேடிக் கல்வி எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்கு மேலே உள்ளவர்களுக்கு ‘அவர்கள் பெரிய பிள்ளைகள், தாங்களே படித்துக்கொள்வார்கள்’ என்ற எண்ணம்தான் திட்டமாக இருந்தது. அந்தப் பெரிய பிள்ளைகளில் பையன்கள் புரோட்டா கடைக்கும் கட்டட வேலைக்கும், ஊர்க்காரர் யாரோடாவது வடக்கே முறுக்குக் கம்பெனிக்கும் போகக்கூடியவர்கள். பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பேச்சு எடுக்கக்கூடிய வயது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை வருடம் படிப்பு போகும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளியே போய்விடும். 2005-இல் பாகிஸ்தானில் நடந்த நிலநடுக்கத்தைப் பற்றிய ஓர் ஆய்வும் இங்கே பொருந்துகிறது. பள்ளிகள் மூடியிருந்தது சராசரி 14 வாரம்; நாலு வருடம் கழித்துச் சோதித்தபோது பாதிக்கப்பட்ட பகுதிப் பிள்ளைகள் ஒன்றரை வருடத்துக்கும் மேலாகப் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் தாய் தொடக்கக் கல்வியாவது முடித்திருந்த வீடுகளில் அந்தச் சரிவு தெரியவில்லை. ‘இன்றைக்கு என்ன படித்தாய்’ என்று கேட்க வீட்டில் ஆள் இருந்தது காரணமாகலாம். அப்படி ஆள் இல்லாத வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது வகுப்பாசிரியர்.

இதை ஒரு பள்ளி எப்படிச் செய்வது? 400 பிள்ளைகளும் 16 ஆசிரியர்களும் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 25 பிள்ளைகள். ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு ஐந்து நிமிடம் பேசினால் வாரத்துக்குள் 25 வீடும் முடியும். எடுக்காத போனுக்கு மறுபடி அடிப்பது, ‘அப்புறம் கூப்பிடுங்க சார்’ எல்லாம் சேர்த்தாலும் நாளைக்கு ஒரு மணி நேரம். ஆசிரியர் பேசினாரா, பிள்ளையே பேசியதா, என்ன படித்தது என்ற மூன்றையும் ஒரு நோட்டில் குறித்தால் அதுதான் மூடல் கால வருகைப் பதிவேடு. இரண்டு வாரம் தொடர்பில் வராத பெயர் தலைமை ஆசிரியரின் மேசைக்கும் அங்கிருந்து பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் போக வேண்டும். 2022-இல் மறுகட்டமைப்பு செய்த இந்தக் குழுக்களில் பெற்றோர்களே அதிகம் என்பதால், அந்தத் தெருக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போய் விசாரிப்பது முடியாத காரியமல்ல. தாளும் வேண்டும். வாரத்துக்குப் பாடத்துக்கு ஒரு பயிற்சித்தாள், ஜெராக்ஸ் போட்டு, பள்ளி வாசலில் அல்லது நூலகத்தில் அல்லது சமுதாயக் கூடத்தில் வாங்கிக்கொண்டு, போன வாரத்துத் தாளைத் திருத்தக் கொடுக்கும் ஏற்பாடு. சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு வாங்கவும், பாடநூல் வாங்கவும் அந்த ஊரடங்கிலேயே வீட்டுக்கு ஒருவர் பள்ளி வாசலுக்கு வந்தார்கள். அந்த வரிசையில் ஒரு தாளை நீட்டுவதற்குப் புதிய அரசாணை ஏதும் தேவைப்பட்டிருக்காது. கேரளம் 2020 ஜூன் 1-இல் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் வகுப்பைத் தொடங்கியபோது, டி.வி.யும் போனும் இல்லாத பிள்ளைகள் சுமார் 2.6 லட்சம் பேர் என்று முதலில் எண்ணி எடுத்தது. நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுவில் பார்க்க இடம் ஒதுக்கியது. ஒளிபரப்புக்கு முன்னால் கணக்கெடுப்பு என்ற அந்த வரிசைதான் இங்கே முக்கியம். கல்வித் தொலைக்காட்சி, க்யூஆர் கோடு, வாட்ஸ்அப் எதையும் தூக்கிப்போடச் சொல்லவில்லை. இந்தத் தொடர்பின் மேல் ஏறினால் அவை நன்றாகவே வேலை செய்யும்.

ஆசிரியர்கள் தரப்பு ஆட்சேபம் எனக்குக் கேட்கிறது. அதிகாரிகளுக்கு அது சரியாகக் கேட்பதில்லை என்பதால் இங்கே சொல்லிவிடலாம். கணக்கெடுப்பு, கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் பதிவேற்றம், 2021 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல் பணி என்று ஏற்கெனவே ஆசிரியர் தலையில் ஏற்றியவை கொஞ்சம் இல்லை. அதன் மேல் இன்னொரு பதிவேடா? நியாயம். ஆகவே இது கூடுதல் வேலையாக வரக் கூடாது; மூடல் காலத்தில் ஆசிரியரின் முதல் வேலையாக வர வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லும் ஆதாரங்களையும் தினசரி அறிக்கைகளையும் நிறுத்த வேண்டும். நோட்டை எமிஸில் ஏற்று என்று ஒரு சுற்றறிக்கை வந்தால், பேச வேண்டிய நேரம் ஏற்றுவதிலேயே போய்விடும். பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியைகளே பேசுவது, பெற்றோர் முன்னிலையில் பேசுவது போன்ற ஒழுங்குகளும் முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம், நகரத்துத் தனியார் பள்ளிகள் முதல் மாதத்திலேயே ஜூமில் முழு வகுப்பு நடத்தின, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் ஜெராக்ஸ் தாளா என்பது. கேட்க வலுவாக இருக்கிறது. ஆனால் எல்லா வீட்டிலும் தனிக் கருவியும் தனி அறையும் வைஃபையும் இருக்கும் பள்ளிக்கு ஜூம் சரி. வெள்ளிவீதியார், காக்கைப்பாடினியார் என்று சங்கப் புலவர்களின் பெயர் தாங்கிய மாநகராட்சி மகளிர் பள்ளிகளுக்கு வரும் வீடுகள் அப்படியில்லை. 40 பேரில் 12 பேர் சேர்கிற நேரலையை ‘வகுப்பு நடந்தது’ என்று எழுதிவிட்டால் மீதி 28 பேர் கணக்கிலிருந்தே மறைகிறார்கள். தாள் எல்லோருக்கும் போகிறது, யாருக்குப் போகவில்லை என்பதும் அன்றே தெரிந்துவிடுகிறது. போர்ஷன் முடியாதே, பொதுத்தேர்வு என்னாவது என்ற கவலைக்கும் இதே பதில்தான். 2020-21-இல் பாடத்தை வெட்டினோம், பிறகு தேர்வையே ரத்து செய்தோம். போர்ஷனை விட்டுக்கொடுக்க முடியும் என்று நாமே காட்டியிருக்கிறோம்.

கொரோனா போய்விட்டது, இனி எதற்கு இந்தப் பேச்சு என்று நினைப்பவர்கள் மதுரையின் வானத்தைப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 25-இல் சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாய் நிறைந்து, பந்தல்குடி வாய்க்கால் வழிந்து, செல்லூரும் நரிமேடும் வெள்ளத்தில் நின்றன. 2023 டிசம்பரில் பக்கத்துத் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் முழுகியபோது அரையாண்டுத் தேர்வுகள் தள்ளிப்போயின. வெயிலுக்காக 2023-இலும் 2024-இலும் ஜூன் திறப்பே தள்ளிப்போனது. ஒரு நாள், இரண்டு நாள் மழை விடுமுறைக்கு இத்தனை ஏற்பாடும் வேண்டாம். அதற்கு ஆன்லைன் வகுப்பும் வேண்டாம். நனைந்த நோட்டைக் காயவைக்கிற வீட்டில் லிங்க் அனுப்புவது கொடுமை. சனிக்கிழமை வைத்து ஈடு செய்யும் பழைய வழக்கமே போதும். மூடல் ஒரு வாரத்தைத் தாண்டும் என்று தெரிந்த நாளில்தான் திட்டம் விழித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஜூன் மாதச் சேர்க்கையின்போதே, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு போன் எண், அந்த போன் எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும், தெருவில் தெரிந்த ஒரு பெரியவர் யார் என்ற மூன்று விவரம் வாங்கியிருக்க வேண்டும். நடுவில் உள்ள விவரத்தை எந்தப் படிவமும் இதுவரை கேட்டதில்லை என்றே நினைக்கிறேன்.

அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்தது தவறு என்று நான் சொல்லவில்லை. 2021-இல் வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. அதைத் தொடர்ந்து யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று வீடு வீடாகப் பார்க்காமல் விட்டதைத்தான் சொல்கிறேன். தேர்ச்சி அறிவிப்பு எல்லோரையும் ஒரே வரியில் நிறுத்தியதால், காணாமல் போனவர் யார் என்பதும் அந்த வரிக்குள் மறைந்துவிட்டது. 2023 மே 8-இல் பிளஸ் டூ முடிவு வந்தபோது தேர்ச்சி விகிதம் 94.03 சதவீதம் என்று அறிவித்தார்கள். அது தேர்வு எழுதியவர்களை வைத்துப் போட்ட விகிதம். பதிவு செய்தவர்களை வைத்துப் போட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கும். பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும்போது அந்த இரண்டாவது எண்ணையும் பக்கத்திலேயே அச்சிடச் சொன்னால், அடுத்த மூடலின் முதல் வாரத்தில் போனை எடுக்கத் தலைமை ஆசிரியர்களுக்கு வேறு உத்தரவு தேவைப்படாது.